ஐம்பொன் சிலை வார்ப்பில் எங்கே சறுக்குகிறது?

கும்பகோணத்தை அடுத்த சுவாமிமலைப் பட்டறைகளுக்கு வேடிக்கை பார்க்க வருபவர்கள் முதலில் கேட்பது, உலோகம் ஊற்றும் நாள் என்றைக்கு என்பதுதான். நெருப்பும் புகையுமாகப் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். மெழுகில் சிலையைச் செய்து, அதன்மேல் மண் பூசி அச்சாக்கி, சூட்டில் மெழுகை வழிய விட்டு, அந்த இடத்தில் உலோகத்தை ஊற்றுவதுதான் இந்த வேலை. ஆனால் ஒரு சிலை பாழானால், அதற்கான காரணம் பெரும்பாலும் முன்பே மெழுகிலும் மண்ணிலும் நடந்து முடிந்திருக்கும்.

அளவிலிருந்தே தொடங்கலாம். புதிதாகப் பழகுபவர்கள் டேப்பை எடுத்துக்கொண்டு அங்குலக் கணக்குப் போடுவார்கள். சிற்ப சாஸ்திரத்தில் எல்லாம் விகிதம். சிலையின் உயரத்துக்குத் தென்னை ஓலையை நறுக்கி, மடித்துக் குறி போட்டு, அதிலிருந்தே முகம், மார்பு, தொடை என்று எடுப்பார்கள். சிவன், திருமாலுக்கு உத்தம தச தாளம், அதாவது மொத்த உயரம் 124 பாகம். அரையடிச் சிலைக்கும் ஆறடிச் சிலைக்கும் அதே 124தான்.

மெழுகு என்பது தேன்மெழுகு, குங்கிலியம், கொஞ்சம் கடலை எண்ணெய் சேர்ந்த கலவை. வருஷம் முழுக்க ஒரே பதத்தில் காய்ச்சக் கூடாது. சித்திரை வெயிலில் எண்ணெய் கூடினால் விரல்கள் தொய்ந்துவிடும். மார்கழியில் குங்கிலியம் கூடினால் பட்டென்று ஒடியும். இன்னொரு தவறு, ‘மீதியை உலோகத்தில் செதுக்கிக்கொள்ளலாம்’ என்று நகைகளையும் மடிப்புகளையும் அரைகுறையாக விடுவது. சோழர் காலச் சிலைகளில் நுணுக்க வேலை பெரும்பாலும் மெழுகிலேயே முடிந்தது. அந்தக் குழைவு உளியில் வராது என்பது என் கட்சி.

மண் பூசும்போதுதான் அவசரம் அதிகம் காவு வாங்குகிறது. முதல் பூச்சு, சலித்த காவிரி வண்டலும் உமிக்கரியும் சேர்த்து மைய அரைத்த குழம்பு. மெல்லியதாகத்தான் பூச வேண்டும். தடித்தால் மெழுகை ஒட்டிக் காற்றுக் குமிழி நிற்கும். பிறகு அதில் உலோகம் புகுந்து, சுவாமியின் கன்னத்தில் மருவாக உட்கார்ந்திருக்கும். காய வைப்பது நிழலில்தான். வெயிலில் வைத்தால் மேலே மண் வெடிக்கும், உள்ளே மெழுகு இளகும். ஒரு பூச்சு முழுதாகக் காயாமல் அடுத்ததைப் போடவே கூடாது. கடைசியில் கரடுமுரடான மணல் கலந்த பூச்சு. பெரிய சிலையென்றால் இரும்புக் கம்பி கட்டு.

எல்லாவற்றிலும் ஆபத்தானது ஈரம். வறட்டி மூட்டத்தில் மெழுகு வழிந்து நின்றதும் வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். மண்ணுக்குள் ஈரம் மிச்சமிருக்கும். ஆயிரம் டிகிரிக்கு மேல் சூடேறி உருகிய உலோகம் அதில் பட்டால், தண்ணீர் நொடியில் ஆவியாகி ஆயிரம் மடங்குக்கும் மேல் விரியும். ஊற்றுபவர் முகத்துக்கே உலோகம் திரும்பித் தெறிக்கும். அதனால் அச்சு உள்ளே சிவக்கும்வரை சுட வேண்டும். சுட்ட சூட்டோடு குழியில் புதைத்து ஊற்ற வேண்டும். ஆறிப்போன அச்சில் உலோகம் விரல் நுனியை எட்டும் முன்பே உறைந்துவிடும்.

மண் பூசும் முன் மெழுகை எடை போட மறக்காதீர்கள். உலோகம் ஊற்றும் வாய்க்கும் காற்றுப் போக்குக்கும் மெழுகிலேயே ஒட்டி வைக்கும் குழல்களும் அந்த எடையில் சேர வேண்டும். ஒரு கிலோ மெழுகின் இடத்தை நிரப்ப ஏறக்குறைய ஒன்பது கிலோ உலோகம் ஆகும். பத்தாக உருக்குவது நல்லது. நடுவில் தீர்ந்து மறுபடி உருக்கி ஊற்றினால், இரண்டும் ஒட்டாமல் இடுப்பில் கோடு விழும். சுலபமாக ஓடட்டும் என்று ஈயத்தை அள்ளிப் போடுவதும் வேண்டாம், சிலை வலுவிழக்கும். தங்கமும் வெள்ளியும் துளிதான், அது சாங்கியம். எடையில் பெரும்பங்கு செம்பு.

ஊற்றிய பின் ஆவலில் தண்ணீர் தெளித்து ஆற்றினால் விரிசல் வரும். தானாக ஆறட்டும். மண்ணை உடைக்கும்போது கனமான பீடத்தின் பக்கம் சுத்தியல் போகலாம். கை, விரல், திருவாசிச் சுடர் பக்கம் சிறு உளியால் கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டித்தான் எடுக்க வேண்டும்.