பொருளடக்கத்தைக் கையால் தட்ட வேண்டாம்

திருகோணமலையில் ஒரு பாடசாலையின் விழா மலருக்கு நான் பக்கம் அமைத்தபோது நடந்தது இது. பொருளடக்கத்தை ஒரு வாரத்துக்கு முன்பே தட்டி, பக்க எண்களைப் போட்டு, புள்ளிக்கோடும் இழுத்து வைத்துவிட்டேன். அச்சுக்குக் கொடுக்கும் நாள் இரவு இன்னும் இரண்டு வாழ்த்துச் செய்திகள் வந்து சேர்ந்தன. அவற்றை முன்பகுதியில் சேர்த்தேன். பொருளடக்கத்தைத் திருத்த மறந்துவிட்டேன். விழா மண்டபத்தில் ஒரு தாய் மகளின் கவிதையைத் தேடி 41ஆம் பக்கத்தைத் திறந்தார். அங்கே இருந்தது வேறொரு பிள்ளையின் கட்டுரை. கவிதை 43இல் இருந்தது. அந்த மலரில் எல்லா ஆக்கங்களும் அப்படியே இரண்டு பக்கம் தள்ளிப் போயிருந்தன.

மலரைக் கையில் வாங்குகிறவர் முதலில் பார்ப்பது பொருளடக்கத்தைத்தான், தன் பிள்ளையின் பெயர் எங்கே என்று. அதனால்தான் இதை எழுதுகிறேன். இங்கே சொல்வதெல்லாம் இன்டிசைன் என்ற பக்க அமைப்பு மென்பொருளை வைத்துத்தான். பேஜ்மேக்கரிலும் அடிப்படை இதுதான், மெனுக்களின் பெயர்தான் வேறு.

எல்லாப் பிழைக்கும் வேர் ஒன்று. தலைப்பைத் தெரிவு செய்து, எழுத்தைப் பெரிதாக்கி, நிறம் கொடுத்து விட்டுவிடுகிறோம். நம் கண்ணுக்கு அது தலைப்பு. மென்பொருளுக்கு அது பெரிய எழுத்தில் உள்ள இன்னொரு பந்தி, அவ்வளவுதான். இன்டிசைன் எழுத்தின் அளவைப் பார்த்துப் பொருளடக்கம் எடுப்பதில்லை, பந்திக்குக் கொடுத்த ஸ்டைலின் (எழுத்துரு, அளவு, நிறம் எல்லாவற்றையும் ஒரே பெயரில் சேமித்து வைத்த அமைப்பு) பெயரைப் பார்த்தே எடுக்கிறது. மாவட்டத்துக் கோயில்களைப் பற்றி ஒரு நூல் என்று வையுங்கள். கோணேச்சரம், தம்பலகாமம் ஆதிகோணநாயகர், வெருகல் என்று ஒவ்வோர் அத்தியாயத் தலைப்புக்கும் ஒரே பரகிராஃப் ஸ்டைல் கொடுத்திருந்தால், லேஅவுட் மெனுவில் டேபிள் ஒஃப் கொன்டென்ட்ஸைத் திறந்து அந்த ஸ்டைலைச் சேர்த்தாலே போதும், பட்டியல் வந்துவிடும். வெருகலுக்கு மட்டும் ஸ்டைல் கொடுக்காமல் கையால் அளவு மாற்றியிருந்தால் வெருகல் பட்டியலில் இருக்காது. மறுபக்கமும் உண்டு: அவசரத்தில் ஒரு கடை விளம்பரத்துக்கு அதே தலைப்பு ஸ்டைலைப் போட்டால், கடையின் பெயரும் பொருளடக்கத்தில் ஏறிவிடும்.

நம் ஊர் மலர்களில் தனிச் சிக்கல் ஒன்று இருக்கிறது. ஆசிச்செய்தி, வாழ்த்துச் செய்தி என்று பத்துப் பன்னிரண்டு பக்கம் போகும். எல்லாவற்றுக்கும் தலைப்பு ஒன்றே. அப்படியே பொருளடக்கம் எடுத்தால் ‘வாழ்த்துச் செய்தி’ என்று எட்டு வரி வரும், யாருடையது என்று தெரியாது. வாழ்த்தியவரின் பெயருக்குத் தனி ஸ்டைல் வைத்து, செய்திகளில் அதை மட்டும் பொருளடக்கத்தில் சேருங்கள். கட்டுரை, கவிதைகளுக்குத் தலைப்பும் வேண்டும், எழுதியவர் பெயரும் வேண்டும். இரண்டையும் சேர்த்து, தலைப்புக்குப் பக்க எண் இல்லை என்றும், பெயருக்குப் பின்னால் எண் வரவேண்டும் என்றும் வைத்தால் பார்க்க நன்றாக இருக்கும். தலைப்பையும் பெயரையும் வெவ்வேறு எழுத்துப் பெட்டிகளில் வைத்தால் பட்டியலில் வரிசை மாறக்கூடும். ஒரே பெட்டியில், மேலும் கீழுமாக வைப்பதே பாதுகாப்பு.

அடுத்தது எழுத்துரு. இங்கே இன்னமும் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டப்பட்ட ஆக்கங்கள்தான் அதிகம் வருகின்றன. பாமினியில் திரையில் தமிழ் தெரிந்தாலும், உள்ளே சேமித்திருப்பது ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான். பொருளடக்க வரிகளுக்குப் புதிதாக ஒரு ஸ்டைல் உருவாக்கி அதில் பாமினியைத் தெரிவு செய்ய மறந்தால், ‘அம்மா’ என்ற தலைப்பு ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளியுமாக வந்து நிற்கும். ஸ்டைலில் எழுத்துருவை மாற்றினால் அது சரியாகிவிடும். ஆனால் பி.டி.எஃப் புக்மார்க்குகளை, அதாவது பக்கவாட்டில் தெரியும் தலைப்புப் பட்டியலை, இப்படிச் சரிசெய்ய வழியில்லை, அவை நம் எழுத்துருவைப் பயன்படுத்துவதில்லை. கைபேசியில் மலரைத் திறக்கும் வெளிநாட்டு உறவுகளுக்குப் பக்கவாட்டில் தெரிவது வெறும் குழப்பம். நேரம் இருந்தால் தலைப்புகளையாவது, தமிழைத் தமிழாகவே சேமிக்கும் யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள் என்பேன்.

யூனிகோடில் வேறொரு பொறி. உள்ளடக்கம் முழுவதும் அழகாக இருக்கும், பொருளடக்கத்தில் மட்டும் கொம்புகள் எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். எழுத்துரு கெட்டுவிட்டது என்று நினைத்து மாற்றி மாற்றிப் பார்த்து இரவு போய்விடும். காரணம் கொம்போசர், அதாவது எழுத்துகளை வரியில் அடுக்கும் பகுதி. தமிழுக்கு வேர்ல்ட்-ரெடி கொம்போசர் வேண்டும். உள்ளடக்கத்தின் ஸ்டைலில் அதைக் கொடுத்திருப்பீர்கள், பொருளடக்கத்துக்காகப் புதிதாகச் செய்த ஸ்டைலில் பழைய கொம்போசரே இருக்கும். அந்த ஸ்டைலைத் திறந்து, ஜஸ்டிஃபிகேஷன் பகுதியில் ஒரு தெரிவை மாற்றினால் தீர்ந்தது.

நீளமான தலைப்பை இரண்டு வரியாக்க என்டர் தட்டாதீர்கள். ஒரு தலைப்பு இரண்டு பந்தியாகி, பட்டியலில் இரண்டு வரியாக, இரண்டுக்கும் பக்க எண்ணோடு வரும். ஷிஃப்டோடு என்டர் தட்டினால் ஒரே பந்தியாக இருக்கும், ஆனால் அந்த வரி முறிவும் பட்டியலுக்குப் போய் வரியை நடுவில் வெட்டும். புதிய பதிப்புகளில் அதை நீக்கும் தெரிவு டேபிள் ஒஃப் கொன்டென்ட்ஸ் சாளரத்திலேயே உண்டு.

இனி, போட்டோஷொப்பில் அழகாகச் செய்து படமாக வைத்த தலைப்புகள். படத்துக்குள் இருக்கும் எழுத்தை இன்டிசைன் வாசிக்காது. தனி லேயர் (அடுக்கு) ஒன்றில், அதே பக்கத்தில், அதே தலைப்பைச் சாதாரண எழுத்தாகத் தட்டி, தலைப்பு ஸ்டைலைக் கொடுத்து லேயரை மறைத்துவிடுங்கள். டேபிள் ஒஃப் கொன்டென்ட்ஸ் சாளரத்தில், மறைந்த லேயர்களில் உள்ள எழுத்தையும் சேர்க்கும் தெரிவைப் போட்டால் போதும். அச்சில் அது வராது, பட்டியலில் வரும்.

புள்ளிகளைத் தட்டித் தட்டிப் பக்க எண் வரை கொண்டுபோவதை இன்றும் பார்க்கிறேன். வரிக்கு வரி எண்கள் ஒரு மில்லிமீட்டர் முன்னும் பின்னும் நிற்கும். டேப்ஸ் பலகத்தில் வலப்பக்க டேப் ஒன்று வைத்து, லீடர் என்ற இடத்தில் ஒரு புள்ளி போட்டால் எல்லா எண்களும் ஒரே கோட்டில் நிற்கும். அதை ஸ்டைலுக்குள் வையுங்கள், வரியில் அல்ல. வரியில் செய்தால் அடுத்த முறை புதுப்பிக்கும்போது போய்விடும்.

புதுப்பித்தல் என்று சொன்னேன் அல்லவா, முக்கியமானது இதுதான். பக்கங்கள் மாறினால் இன்டிசைன் பொருளடக்கத்தைத் தானாக மாற்றாது. பொருளடக்கப் பெட்டிக்குள் கர்சரை வைத்து, லேஅவுட் மெனுவில் அப்டேட்டை நாம்தான் கொடுக்க வேண்டும். அப்போது பட்டியல் புதிதாக எழுதப்படும், கையால் செய்த திருத்தம் எதுவும் மிஞ்சாது. எழுத்துப்பிழை கண்டால் பொருளடக்கத்தில் திருத்தாமல், உள்ளே போய்த் தலைப்பில் திருத்துங்கள். பலர் பட்டியலில் மட்டும் திருத்திவிட்டு, பிறகு புதுப்பிக்கப் பயப்படுகிறார்கள். என் 41ஆம் பக்கம் போன்ற தவறுகள் அந்தப் பயத்திலிருந்தும் வருகின்றன.

பொருளடக்கத்துக்கான பக்கங்களைத் தொடக்கத்திலேயே ஒதுக்கி வையுங்கள். ஒரு பக்கம் என்று நினைத்தது இரண்டானால் பின்னால் உள்ள எல்லாம் தள்ளும். செய்திகள் கடைசி நாள்வரை வரும் மலர்களில், முன்பகுதிக்கு ரோமன் எண்ணும் ஆக்கங்கள் தொடங்கும் இடத்தில் 1 என்றும் தனிப் பிரிவு வைத்துவிடுவது நல்லது. அப்புறம் ஒரு வாழ்த்து கூடினாலும் கவிதையின் பக்க எண் அசையாது.

அச்சுக்குப் பிளேட் போடும் முன் கடைசியாக ஒருமுறை புதுப்பியுங்கள். வழியும் எழுத்தைச் சேர்க்கவா என்று இன்டிசைன் கேட்டால், ஏதோ ஒரு தலைப்பு பெட்டிக்கு வெளியே மறைந்து கிடக்கிறது என்று பொருள். முதலில் அதைத் தேடிப் பெட்டிக்குள் கொண்டுவாருங்கள். பிறகு பி.டி.எஃபை எடுத்து, இன்னொருவரிடம் கொடுத்து, அவர் தலைப்பையும் எண்ணையும் வாசிக்க நீங்கள் அந்தப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். 60 தலைப்புக்கு இருபது நிமிடம் போகும். பிள்ளைகளின் பெயர்களை எழுத்துக் கூட்டியே வாசிக்கச் சொல்லுங்கள்.