‘ரஷ்யர்’ என்று எழுதும் முன்: ரூஸ்கியா, ரஸ்ஸீஸ்கியா?

தமிழில் ‘ரஷ்ய’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். ரஷ்ய மொழியில் அது இரண்டு சொல். ரூஸ்கி இனத்தையும் மொழியையும் பண்பாட்டையும் சுட்டும். ரஸ்ஸீஸ்கி நாட்டையும் அரசையும் சுட்டும். குடிமகனுக்குத் தனிப்பெயர் ரஸ்ஸியானின், பெண்ணானால் ரஸ்ஸியான்கா.

ரஷ்ய மூலநூல் கையில் இருந்தால் அந்தச் சொல்லின் இரண்டாவது எழுத்தைப் பாருங்கள். ஆங்கில ஒய் மாதிரி இருந்தால் அது ‘உ’ ஒலி, ரூஸ்கி. வட்டமாக இருந்தால் ரஸ்ஸீஸ்கி. காதால் கேட்டு மொழிபெயர்ப்பவர்கள் ‘ரோ’ என்ற ஒலிக்குக் காத்திருந்தால் ஏமாறுவார்கள்: அழுத்தம் விழாத இடத்தில் அந்த வட்ட எழுத்து ‘அ’ போலத்தான் ஒலிக்கும்.

ரூபிள், ராணுவம், அறிவியல் கழகம் எல்லாம் ரஸ்ஸீஸ்கி. மொழி, இலக்கியம், ஆர்த்தடாக்ஸ் திருச்சபை ரூஸ்கி. இங்கெல்லாம் தமிழில் ‘ரஷ்ய’ போதும். சிக்கல் மனிதர்களைச் சொல்லும்போதுதான். ரஷ்யாவின் கசான் நகரத்தில் வாழும் தாத்தார் என்ற துருக்கிய இனத்தவர் ஒருவர் ரஸ்ஸியானின், ஆனால் ரூஸ்கி அல்ல. கஜகஸ்தான் குடியுரிமை பெற்ற ரஷ்ய இனத்தவர் ரூஸ்கி, ஆனால் ரஸ்ஸியானின் அல்ல. ஆகவே ‘ரஷ்யக் குடிமக்கள்’, ‘ரஷ்ய இனத்தவர்’ என்று பிரித்தே எழுதுங்கள். 1993 அரசமைப்புச் சட்டம் ‘ரஷ்யக் கூட்டமைப்பின் பல்லின மக்களாகிய நாம்’ என்று தொடங்குகிறது. அதை ‘ரஷ்யர்களாகிய நாம்’ என்று சுருக்கினால் ‘பல்லின’ என்ற சொல்லை அங்கே வைத்த காரணமே போய்விடும். பேச்சுவழக்கில் மட்டும் எச்சரிக்கை: ரஷ்யர்களே நாட்டவர் எல்லாரையும் ரூஸ்கி என்று சொல்லிவிடுவதுண்டு. அங்கே இடம் பார்த்து முடிவு செய்யுங்கள்.

வரலாற்று நூல் என்றால் சொல்லின் வேரும் தெரிந்திருக்க வேண்டும். ரூஸ்கி, ரஸ்ஸீஸ்கி இரண்டுக்கும் மூலம் ‘ரூஸ்’ என்ற பழம்பெயர். பெரும்பாலான மொழியியலாளர் ஏற்கும் விளக்கம் இது: துடுப்பு வலிப்பதைக் குறித்த பழைய நார்ஸ் (பழைய ஸ்காண்டிநேவிய மொழி) சொல்லிலிருந்து, கடல் கடந்து வந்த ஸ்வீடன்காரர்களுக்கு பின்னிய மொழிகளில் (பின்லாந்து மொழியும் அதன் உறவு மொழிகளும்) பெயர் அமைந்தது. இன்றும் பின்லாந்தில் ஸ்வீடனின் பெயர் ருவோட்ஸிதான். ஸ்லாவியர் வாயில் சுவோமி (பின்லாந்தின் சொந்தப் பெயர்) ‘சும்’ ஆனது போல, ருவோட்ஸி ‘ரூஸ்’ ஆனது. 839இல் பைசாந்தியத் தூதுக்குழுவோடு மேற்கு ஐரோப்பாவின் பிராங்கிய அரசவைக்கு வந்து தங்களை ‘ரோஸ்’ என்று சொல்லிக்கொண்டவர்களை விசாரித்தபோது, அவர்கள் ஸ்வீடன்காரர்கள் என்று தெரிந்ததாக அக்கால ஆண்டுக்குறிப்பு சொல்கிறது. நாட்டின் ரஷ்ய மொழிப் பெயரான ரஸ்ஸீயா என்ற வடிவம் கிரேக்கர் எழுதிய ‘ரோசியா’விலிருந்து வந்தது, 1721இல் முதலாம் பீட்டர் பேரரசை அறிவித்தபோது அதுவே அரசின் பெயரில் இருந்தது. இளம்பழுப்பு முடியைக் குறிக்கும் ‘ரூஸி’ என்ற சொல்லோடு இதை முடிச்சுப் போடாதீர்கள். அது வேறு வேர்.

கீவைத் தலைநகராகக் கொண்ட இடைக்கால அரசை ‘பழைய ரஷ்யா’ என்று எழுதுவதுதான் அடிக்கடி நேரும் பிழை. உக்ரைனியருக்கும் பெலாரூசியருக்கும் அதே மரபு உண்டு. ‘ரூஸ்’ என்றே விடுங்கள். பெலாரூஸும் ‘வெள்ளை ரூஸ்’தான், வெள்ளை ரஷ்யா அல்ல.

எழுத்துக்கூட்டல்: தமிழில் ரகரம் சொல்லுக்கு முதலில் வராது என்பதால் உகரம் சேர்த்து ‘உருசியா’ என்பார்கள். ரஷ்யாவோ உருசியாவோ, ஒரு நூலுக்குள் ஒன்றையே பிடித்துக்கொள்ளுங்கள்.