இடித்த பேட்டையை மீட்க: முதலில் பத்திரம், அப்புறம் வரைபடம்

செயின்ட் பாலின் ரோண்டோ, டல்சாவின் கிரீன்வுட், போர்ட்லாண்டின் அல்பைனா என்று நெடுஞ்சாலையும் 'நகரப் புதுப்பிப்பும்' சிதைத்த கறுப்பின மக்களின் பேட்டைகள் அமெரிக்காவில் ஏராளம். அவற்றை மீட்க இறங்குவோர் முதலில் கட்டட வரைபடம் போடுகிறார்கள். அது கடைசி வேலை.

கவுன்ட்டி பதிவு அலுவலகத்தில் உட்கார்ந்து மனை மனையாக எழுதுங்கள்: யார் பெயரில், வரி பாக்கி எவ்வளவு, அரசு வசம் இருக்கிறதா. பழைய சான்போர்ன் தீக்காப்பீட்டு வரைபடத்தை ஒப்பிட்டால் எந்த வீடு எங்கே இருந்தது என்று தெரியும். அரசிடம் சும்மா கிடக்கும் மனையை முதலில் கேளுங்கள். 1988-இல் பாஸ்டன் நகரம் டட்லி தெரு மக்கள் அமைப்புக்குக் காலி மனைகளைக் கையகப்படுத்தும் அதிகாரத்தையே கொடுத்தது.

உயில் இல்லாமல் வாரிசுகளுக்குப் போன வீடுதான் பெரிய ஓட்டை. ஒரு வாரிசின் பங்கை வெளியாள் வாங்கிவிட்டு, முழு வீட்டையும் ஏலம் விட நீதிமன்றத்தைக் கேட்கலாம். இதைத் தடுக்க 2010-இல் எல்லா மாநிலங்களுக்கும் மாதிரியாக ஒரு சட்டம் வந்தது; அதை ஏற்ற மாநிலங்களில், விற்கக் கேட்டவரின் பங்கை நீதிமன்ற மதிப்பீட்டு விலைக்கு மற்ற வாரிசுகள் முதலில் வாங்கலாம். உங்கள் மாநிலம் ஏற்றதா என்று பாருங்கள். எப்படியும் உயிலும் பட்டாவும் சரிசெய்ய வக்கீல் செலவுக்கு ஒதுக்குங்கள்.

பிறகு, மக்கள் சார்பில் நிலத்தை வைத்திருக்கும் சமூக நில அறக்கட்டளை. வழக்கமான நிர்வாகக் குழு மூன்று பங்கு: அறக்கட்டளை வீடுகளில் குடியிருப்போர், அக்கம்பக்கத்தார், பொதுநலப் பிரதிநிதிகள். நிலம் அறக்கட்டளைக்கு, வீடு குடும்பத்துக்கு, இடையே 99 ஆண்டுக் குத்தகை. மறுவிற்பனை விலையைக் கணக்கிடும் முறையை இப்போதே எழுதுங்கள். 1,50,000 டாலருக்கு வாங்கிய வீட்டின் சந்தை மதிப்பு 1,00,000 கூடியது. விற்பவருக்கு உயர்வில் 25 சதவீதம் என்றால் அடுத்தவருக்கு விலை 1,75,000. இந்தக் கணக்கைக் கையெழுத்துக்கு முன் காகிதத்தில் போட்டுக் காட்டாவிட்டால் பின்னால் சண்டை நிச்சயம்.

இடம்பெயர்ந்தவர்களுக்கு முன்னுரிமை தரும்போது இனத்தை நிபந்தனையாக்கினால் 1968-ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டத்தில் சிக்கும். போர்ட்லாண்ட் செய்ததுபோல் பழைய முகவரியை அளவுகோலாக வையுங்கள். முதலில் எடுத்த மனைப் பட்டியல் இங்கே சான்றாகும்.

'மலிவு வீடு' என்ற சொல்லையும் நம்பிவிடாதீர்கள். அதற்கான வருமான வரம்பு பெருநகரம் முழுவதன் இடைநிலை வருமானத்தை வைத்துக் கணக்கிடப்படுகிறது. அதன் 80 சதவீதம் என்று நிர்ணயித்தால், பேட்டைக்காரர்களுக்கே எட்டாமல் போகும். 30, 50 சதவீத வருமானக்காரர்களுக்கான வீடுகள் எத்தனை என்று ஒப்பந்தத்தில் எண்ணாகவே கேட்டு வாங்குங்கள்.