புத்தகக் கடைக்காரரை அணுகுவது எப்படி? புதிய எழுத்தாளர்களுக்கு ஒரு செய்முறை

என் முதல் புத்தகம் அச்சாகி வந்த வாரத்தில் பையில் எப்போதும் 5 பிரதிகள் வைத்திருந்தேன். கண்ணில் பட்ட முதல் புத்தகக் கடைக்குள் நுழைந்து, கல்லாவில் இருந்தவரிடம் ஒன்றை நீட்டி, "இது நான் எழுதியது, விற்பனைக்கு வைப்பீர்களா?" என்று கேட்டேன். எனக்குப் பின்னால் நாலைந்து பேர் பில் போடக் காத்திருந்தார்கள். அவர் பொறுமையாகப் பின்னட்டையைத் திருப்பிப் பார்த்து, "இதில் பார்கோடு இல்லையே, எப்படி விற்பேன்?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதில் தேடப் போனபோதுதான் கடையின் பக்கத்திலிருந்து யோசிக்கத் தொடங்கினேன். அதிலிருந்து கற்றதைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். பல கிளைகள் உள்ள பெரிய நிறுவனத்தில் எந்தப் புத்தகம் வாங்குவது என்பதைப் பெரும்பாலும் தலைமை அலுவலகம் முடிவு செய்யும். தனியார் ஒருவர் நடத்தும் சிறு கடையில் அந்த முடிவு கல்லாவுக்குப் பின்னால் நிற்பவரிடமே இருக்கிறது. அவருக்குப் பிடித்துவிட்டால் வருகிற வாசகரிடம் அவரே எடுத்துக் கொடுப்பார். பிடிக்காவிட்டாலோ, விற்காது என்று தோன்றினாலோ, இடம் தரமாட்டார். அவரிடம் இருப்பது சில அலமாரிகள்தான். உங்கள் புத்தகம் உள்ளே வர வேண்டுமானால் வேறொரு புத்தகம் வெளியே போக வேண்டும்.

படி 1: வாசகராகப் போங்கள்

புத்தகத்தை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். ஒரு மணி நேரம் அலமாரிகளைப் பாருங்கள். உங்கள் புத்தகம் எந்த அடுக்கில் உட்காரும்? அதே வகைப் புத்தகங்கள் அங்கே இருக்கின்றனவா? கடை ஊழியர்கள் தங்கள் கைப்பட எழுதிய பரிந்துரைச் சீட்டுகள் ஒட்டியிருந்தால் அவற்றைப் படியுங்கள், அவர்களுடைய ரசனை தெரியும். அறிவிப்புப் பலகையில் என்னென்ன நிகழ்ச்சிகள் என்று பாருங்கள். நாற்காலி போட இடம் இருக்கிறதா என்றும் கவனியுங்கள். அப்படியே ஒரு புத்தகம் வாங்குங்கள். நம் புத்தகத்தை அவர் வாங்க வேண்டும் என்று நினைக்கும் நாம், அவர் கடையில் ஒன்றுகூட வாங்காமல் வருவது சரியில்லை.

வீட்டுக்கு வந்ததும் கடையின் இணையப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். நிறையக் கடைகள் எழுத்தாளர்களுக்கென்றே நிபந்தனைகளை எழுதி வைத்திருக்கும்: யாருக்கு எழுத வேண்டும், எத்தனை பிரதி எடுப்பார்கள், கழிவு (முகவிலையில் கடைக்கு விட்டுக்கொடுக்கும் பங்கு) எவ்வளவு, நிகழ்ச்சிக்குக் கட்டணம் உண்டா. அதைப் படிக்காமல் எழுதப்பட்ட கடிதம் முதல் வரியிலேயே தெரிந்துவிடும்.

இப்படி ஐந்தாறு கடைகளைத் தேர்ந்தெடுத்தால் போதும். ஐம்பது கடைகளுக்கு ஒரே கடிதத்தை அனுப்புவதில் பலன் குறைவு. உங்களுக்கு நண்பர்களும் வாசகர்களும் இருக்கும் பகுதியிலுள்ள கடைகளிலிருந்து தொடங்குங்கள். நிகழ்ச்சி என்று வந்தால் ஆட்களைக் கூட்டிவர முடிவது அங்கேதான்.

படி 2: புத்தகம் கடைக்குத் தயாரா?

ஒவ்வொரு புத்தகத்தையும் உலக அளவில் அடையாளம் காட்டும் ஐ.எஸ்.பி.என். (ISBN) எண் வேண்டும். 2007 முதல் அது 13 இலக்கம், 978 அல்லது 979 என்று தொடங்கும். கடைக்காரர் இருப்பில் ஏற்றுவதும் விநியோகஸ்தரிடம் ஆர்டர் போடுவதும் பெரும்பாலும் அந்த எண்ணை வைத்துத்தான். சாதா அட்டைக்கு ஒன்று, கெட்டி அட்டைக்கு வேறொன்று என்று பதிப்பு வடிவத்துக்கு ஓர் எண் வேண்டும். சுயபதிப்புத் தளங்கள் சில இலவசமாக எண் தரும். அமேசானின் சுயபதிப்புத் தளம் தரும் இலவச எண்ணை அந்தத் தளத்துக்கு வெளியே பயன்படுத்த முடியாது. கடைகளுக்கும் கொண்டுபோகும் எண்ணம் இருந்தால் உங்கள் பெயரிலோ உங்கள் பதிப்பகத்தின் பெயரிலோ சொந்த எண் வாங்கிவிடுங்கள்.

பின்னட்டையில் பார்கோடும் விலையும் இருக்கட்டும். புத்தகத்தின் முதுகில் தலைப்பும் உங்கள் பெயரும் தெளிவாகத் தெரிய வேண்டும். அலமாரியில் அடுக்கிய பிறகு வாசகர் கண்ணில் படுவது முதுகு மட்டும்தான். பக்கம் குறைந்த நூல்களில் முதுகில் எழுத்து அச்சிட இடமிருக்காது. அப்படியானால் முகப்பு தெரியும்படி வைக்க ஒரு சிறு தாங்கியைக் கையோடு கொண்டு போகலாம்.

படி 3: கணக்கைக் கற்றுக்கொள்ளுங்கள்

நிறைய எழுத்தாளர்கள் தயங்கும் இடம் இது. கடைக்காரரோ இதைத்தான் முதலில் கேட்பார். வழிகள் மூன்று.

முதல் வழி, விநியோகஸ்தர் மூலம். கடை தன் வழக்கமான விநியோகஸ்தரிடம் ஆர்டர் போட்டு வாங்கும். கடைக்கு மிகவும் வசதியானது இது, தனி பில், தனி கணக்கு எதுவும் வேண்டாம். தேவைக்கேற்ப அச்சிடும் இன்கிராம்ஸ்பார்க் போன்ற சேவைகளில் மொத்த விற்பனைக் கழிவை நீங்களே நிர்ணயிக்கலாம். பல நாடுகளில் 55 சதவீதம் வைப்பது வழக்கம். அதில் விநியோகஸ்தர் தன் பங்கை எடுத்துக்கொண்ட பிறகு கடைக்கு ஏறக்குறைய 40 சதவீதம் போகும். முகவிலையை 100 என்று வைத்துக்கொள்வோம். 55 கழிந்தால் 45 மிச்சம். அச்சுச் செலவு 30 என்றால் உங்கள் கைக்கு வருவது 15. முகவிலையை அச்சிடும் முன்பே இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

இங்கே இன்னொரு கேள்வி வரும்: விற்காத பிரதிகளைத் திருப்பி எடுப்பீர்களா? புத்தகத் தொழிலின் பழைய வழக்கம் இது. 1930களின் பெரும் பொருளாதார மந்தத்தின்போது, கடைகள் பயமில்லாமல் வாங்க வேண்டும் என்பதற்காக அமெரிக்கப் பதிப்பாளர்கள் இதைப் பரவலாக்கினார்கள். இன்றும் திருப்பி எடுக்காத புத்தகத்தைப் பல கடைகள் அலமாரிக்கென்று வாங்குவதில்லை, வாசகர் கேட்டால் மட்டும் வரவழைத்துக் கொடுக்கும். "திருப்பி எடுக்கிறேன்" என்று சம்மதித்தால் கடைகள் வாங்கத் துணியும். ஆனால் விற்றதாக நினைத்த 20 பிரதி மூன்று மாதம் கழித்துத் திரும்பி வந்தால் அந்தச் செலவு உங்களுடையது. முதல் புத்தகம் என்றால் சம்மதிக்கும் முன் நன்றாக யோசியுங்கள்.

இரண்டாவது வழி, நேரடி விற்பனை. கடை உங்களிடமே பணம் கொடுத்து வாங்கிக்கொள்ளும். 40 சதவீதத்தை ஒட்டிக் கழிவு கேட்பார்கள்.

மூன்றாவது, விற்ற பிறகு கணக்கு. பிரதிகளைக் கடையில் வைத்துவிட்டு வருவீர்கள், விற்றால் மட்டுமே பணம். 60க்கு 40 என்பது பரவலான பங்கீடு, 60 உங்களுக்கு. கடைக்கு முதல் போடும் சுமை இல்லாததால் புதியவர்களுக்குப் பெரும்பாலும் இந்தக் கதவுதான் முதலில் திறக்கும். நான் புதியவர்களுக்குச் சிபாரிசு செய்வதும் இதைத்தான். 3 அல்லது 5 பிரதிகள் கொடுங்கள். ஆனால் வாய்ப்பேச்சாக விட்டுவிடாதீர்கள். எத்தனை பிரதி, எந்தத் தேதி, பங்கு எவ்வளவு, எத்தனை நாள் அலமாரியில் இருக்கும், தொலைந்தால் அல்லது சேதமானால் யார் பொறுப்பு, பணம் எப்போது வரும் என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். 90 நாள் என்று வைத்தால் அந்தத் தேதியை நாட்காட்டியில் குறித்துக்கொண்டு நீங்களே போய் விசாரியுங்கள். ஆயிரக்கணக்கான புத்தகங்களுக்கு நடுவே உங்கள் 5 பிரதிகளை அவர் நினைவில் வைத்திருக்க முடியாது.

படி 4: ஒரு பக்கத் தாளும் ஒரு கடிதமும்

ஒரே பக்கத்தில் புத்தகத்தைப் பற்றிய விவரத்தாள் தயாரியுங்கள்: அட்டைப்படம், தலைப்பு, ஐ.எஸ்.பி.என்., விலை, பக்கங்கள், வகை, யார் மூலம் கிடைக்கும், என்ன கழிவு, திருப்பி எடுப்பீர்களா, மூன்று வரியில் புத்தகம், இரண்டு வரியில் நீங்கள். "எல்லா வயதினரும் படிக்கலாம்" என்று எழுதாதீர்கள். அப்படிச் சொன்னால் எந்த அடுக்கில் வைப்பது என்று கடைக்காரருக்குத் தெரியாது.

கடிதம் குறுகியதாக இருக்கட்டும். ஒரு மாதிரி:

"வணக்கம். நான் உங்கள் கடைக்கு அவ்வப்போது வரும் வாசகர். போன மாதம் உங்கள் ஊழியர் எழுதியிருந்த பரிந்துரைச் சீட்டைப் பார்த்துத்தான் கடல் பயணங்கள் பற்றிய ஒரு நூலை வாங்கினேன். மிகவும் பிடித்திருந்தது. நான் எழுதிய கலங்கரை விளக்கங்களின் வரலாறு சென்ற மாதம் வெளிவந்திருக்கிறது. உங்கள் பயண அடுக்கில் அதற்கு வாசகர் இருப்பார்கள் என்று நம்புகிறேன். விவரத்தாளை இணைத்திருக்கிறேன். விற்ற பிறகு கணக்கு என்ற முறையில் 3 பிரதி வைக்க முடியுமா? படித்துப் பார்க்க ஒரு பிரதி கொண்டுவந்து தருகிறேன். எந்த நாள், எந்த நேரம் வசதி என்று சொல்லுங்கள்."

இதில் ஒரே ஒரு கோரிக்கைதான் இருக்கிறது, கவனித்தீர்களா? வைக்கவும் வேண்டும், விழாவும் வேண்டும், சமூக ஊடகத்தில் போடவும் வேண்டும் என்று முதல் கடிதத்திலேயே அடுக்கினால் படிப்பவர் மலைத்துப் போவார். அப்புறம், கடிதத்தின் கீழே அமேசான் இணைப்பைக் கொடுக்காதீர்கள். சிறு கடைகள் தினமும் மல்லுக்கட்டுவது அந்தப் பெரிய இணையக் கடையோடுதான். அந்த இணைப்பைப் பார்க்கும்போது அவருக்கு எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

பதில் வராவிட்டால் இரண்டு, மூன்று வாரம் கழித்து ஒரு முறை நினைவூட்டுங்கள். அதற்கும் வரவில்லை என்றால் விட்டுவிட்டு அடுத்த கடையைப் பாருங்கள். வேண்டாம் என்று பதில் வந்தால் நன்றி சொல்லி எழுதுங்கள். அடுத்த புத்தகத்துக்கு அதே கதவைத் தட்ட வேண்டியிருக்கும். நேரில் போவதாக இருந்தால் வார நாளில், கூட்டமில்லாத நேரத்தில் போங்கள். பண்டிகைக் காலத்தில் போகவே வேண்டாம்.

படி 5: நிகழ்ச்சி

கடையில் நிகழ்ச்சி என்றால் ஊழியர் கூடுதல் நேரம் நிற்க வேண்டும், அலமாரிகளை நகர்த்த வேண்டும், விளம்பரம் செய்ய வேண்டும். 6 பிரதி விற்றால் அந்த உழைப்புக்குக் கட்டாது. அதனால் கடைக்காரர் மனதில் ஓடும் கேள்வி ஒன்றுதான்: "யார் வருவார்கள்?" அதற்கு உங்களிடம் நேர்மையான பதில் இருக்க வேண்டும். 25 பேர் வருவார்கள் என்றால் 25 என்றே சொல்லுங்கள். 100 என்று சொல்லி 12 பேர் வந்தால் வாங்கி வைத்த பிரதிகள் அவர் தலையில் விழும்.

தனியாக அவ்வளவு பேரைக் கூட்ட முடியாதவர்கள் இன்னும் இரண்டு எழுத்தாளர்களோடு சேருங்கள். மூவருடைய நண்பர்களும் வருவார்கள், மூன்று புத்தகமும் விற்கும். வாசிப்புக்குப் பதிலாக ஓர் உரையாடல், சிறு பயிற்சி வகுப்பு, குழந்தைகளுக்குக் கதை சொல்லும் நேரம் என்று மாற்றியும் யோசிக்கலாம். கடையில் ஏற்கெனவே வாசகர் வட்டம் நடந்தால் அதில் விருந்தினராகப் போவது எல்லாவற்றையும்விட எளிது, கூட்டத்தை நீங்கள் சேர்க்க வேண்டியதில்லை.

இரண்டு, மூன்று மாதம் முன்னதாகப் பேசுங்கள். பிரதிகளைக் கடையே வரவழைக்கிறதா, நீங்கள் கொண்டுவர வேண்டுமா என்பதை எழுத்தில் உறுதி செய்யுங்கள். கடை வரவழைப்பதாக இருந்தாலும் ஒரு பெட்டி தனியாக எடுத்துப் போங்கள், வர வேண்டியவை தாமதமாகலாம். விற்பனை முழுக்கக் கடையின் கல்லா வழியாகவே நடக்க வேண்டும். தெரிந்தவர் வந்து "உன்னிடம் ஒன்று வாங்கிக்கொள்கிறேன்" என்றாலும் அங்கே காட்டி அனுப்புங்கள். உங்கள் பையிலிருந்து ஒன்று விற்றாலும் அந்தக் கடையோடு உறவு முறிந்துவிடும்.

வாசிப்பு 15 நிமிடம் போதும். எழுத்தில் நன்றாக இருக்கும் பகுதி வாய்விட்டுப் படிக்கும்போது இழுக்கலாம், அதனால் வீட்டில் கடிகாரம் வைத்துப் படித்துப் பாருங்கள். உரையாடல் இருக்கும் பகுதி கூட்டத்தில் நன்றாக எடுபடும். பிறகு கேள்விகள், பிறகு கையெழுத்து. பெயரை எப்படி எழுத வேண்டும் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டுவிட்டு எழுதுங்கள். நண்பர் ஒருவரை வரிசையில் நிறுத்திச் சிறு துண்டுச் சீட்டில் பெயரை எழுதி வாங்கச் சொன்னால் வரிசை வேகமாக நகரும்.

நாலே பேர் வந்தாலும் நிகழ்ச்சியை ரத்து செய்யாதீர்கள். நாற்காலியை வட்டமாகப் போட்டுப் பேசுங்கள். கடை ஊழியர்களும் உங்களைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். நாளைக்கு உங்கள் புத்தகத்தை இன்னொருவர் கையில் கொடுக்கப் போவது அவர்கள்தான்.

படி 6: மறுநாள்

மறுநாளே நன்றி எழுதுங்கள், உதவிய ஊழியரின் பெயரைக் குறிப்பிட்டு. மீதிப் பிரதிகளில் கையெழுத்துப் போட்டுத் தரட்டுமா என்று கேளுங்கள். கேட்காமல் போடாதீர்கள், திருப்பி அனுப்ப வேண்டி வந்தால் அவருக்குச் சிக்கலாகலாம். உங்கள் இணையப் பக்கத்தில் "எங்கே கிடைக்கும்" என்ற இடத்தில் அந்தக் கடையை முதலில் போடுங்கள். கையெழுத்திட்ட பிரதி அங்கே மட்டும் கிடைக்கும் என்று அறிவித்தால் கடைக்கும் நல்லது, வாசகருக்கும் அங்கே போக ஒரு காரணம் கிடைக்கும்.

ஒரு குறிப்பேட்டில் கடைவாரியாக எழுதி வாருங்கள்: பேசியவர் யார், எத்தனை பிரதி கொடுத்தீர்கள், எத்தனை விற்றது, பணம் வந்ததா, அடுத்து எப்போது போக வேண்டும். 90 நாள் முடிந்து போகும்போது விற்காதவற்றை முகம் சுளிக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள், விற்றிருந்தால் அதே எண்ணிக்கையில் புதியவற்றைக் கொடுங்கள். போகிற ஒவ்வொரு முறையும் அலமாரியைச் சுற்றிப் பார்த்து, பிடித்த ஒன்றை வாங்கிக்கொண்டு வாருங்கள்.