குடில் பெட்டியை இறக்குங்கள், அப்புறம் புத்தகம்

பிறந்த வீடு புராட்டஸ்டன்ட், அங்கே பைபிளுக்கு 66 புத்தகம். புகுந்த வீடு கத்தோலிக்கம், அங்கே 73. கூடுதலான அந்த 7ஐ என் அம்மா தள்ளுபடி ஆகமம் என்பார். மாமியாருக்கு அவை பைபிளேதான். நான் படிக்கச் சொல்வது அவற்றை அல்ல, இரண்டு வீடுமே சேர்க்காத பழைய நூல்களை.

தோமா நற்செய்தியில் தொடங்காதீர்கள். 1945இல் எகிப்தில் கிடைத்தது என்றதும் எல்லோரும் அதற்குத்தான் ஓடுகிறார்கள். இயேசு சொன்னதாக 114 வாசகங்கள், கதையே கிடையாது. பத்தாவது வாசகத்தில் நானே மூடி வைத்துவிட்டேன்.

அதற்குப் பதில் பரணிலிருந்து கிறிஸ்துமஸ் குடில் பெட்டியை இறக்குங்கள். எங்களுடையது விளாச்சேரி மண்பொம்மை. எங்கள் வீடிருக்கும் ஞானஒளிவுபுரம் வந்து சேர்வதற்குள் பஸ் நெரிசலில் மாட்டுக்கு ஒரு கொம்பு போய்விட்டது. பொம்மைகளைத் தரையில் பரப்பி, பைபிளில் இயேசு பிறப்பைச் சொல்லும் லூக்கா 2, மத்தேயு 2 இரண்டு அதிகாரங்களையும் சத்தமாக வாசியுங்கள். வாசிப்பில் வருகிறவர்களை மட்டும் குடிலுக்குள் வையுங்கள். மாதா, சூசையப்பர், குழந்தை, இடையர், வானதூதர் உள்ளே போய்விடுவார்கள். ஞானிகளும் உண்டு, ஆனால் மூன்று பேர் என்று மத்தேயு எண்ணிச் சொல்லவில்லை. மாடும் கழுதையும் தரையிலேயே நிற்கும். குகையும் கிடையாது, முன்னணை என்கிற தீவனத்தொட்டி மட்டும்தான்.

சரி, இப்போது யாக்கோபின் முதல் நற்செய்தியை எடுங்கள். 2ஆம் நூற்றாண்டில் கிரேக்கத்தில் எழுதியது. சின்னதுதான், ஒரு மாலைக்குள் முடிந்துவிடும். குகை வருவது இதில். மாதா கழுதைமேல் வருவதும் இதில். ஜூலை 26இல் திருவிழா வைக்கிறோமே, சுவக்கின், அன்னம்மாள், அந்தப் பெயர்களும் இங்கிருந்துதான். மாமியாரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "அன்னம்மாள் பைபிள்ல இல்லையா?" என்று கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நான்கு நற்செய்தியையும் புரட்டினார். மாடும் கழுதையும் குழந்தையை வணங்கி நிற்க இன்னும் பல நூற்றாண்டு ஆகிறது. போலி மத்தேயு என்கிற லத்தீன் நூல்தான், பழைய ஏற்பாட்டில் மாடும் கழுதையும் வரும் ஏசாயா 1:3ஐப் பிடித்து அவற்றை அங்கே கொண்டுவருகிறது.

நோட்டில் ஒவ்வொரு நூலுக்கும் மூன்று விஷயம் குறியுங்கள்: எந்த நூற்றாண்டு, எந்த மொழி, யார் படித்தார்கள். மூன்றாவதை விட்டுவிடாதீர்கள். நம் பைபிளில் இல்லாத ஏனோக்கு புத்தகத்தை ஒளித்துவிட்டார்கள் என்று வீடியோக்களில் அலறுகிறார்கள். எத்தியோப்பியத் திருச்சபை அதைப் பைபிளிலேயே வைத்திருக்கிறது. நம் பைபிளில் இருக்கும் யூதா நிருபத்தின் 14, 15ஆம் வசனங்களும் அதையே எடுத்துச் சொல்கின்றன. இதில் ஒளித்தது எங்கே?

படித்து முடித்ததும் மாட்டையும் கழுதையையும் உள்ளே வையுங்கள். நான் மறந்துவிட்டேன். காலையில் பார்த்தால் மாமியார் வைத்திருந்தார், கொம்பில்லாத பக்கம் சுவரைப் பார்க்கும்படி.