சிக்லிட் மீனுக்குத் துணை தேடும்போது செய்யக்கூடாதவை

சிக்லிட் என்பது ஒரே மீனல்ல; தொட்டியில் வளர்க்கும் பல வகைகள் அடங்கிய ஒரு மீன் குடும்பம். பெரிய மீன் சின்ன மீனைத் தின்னும் என்பதை யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதை விட்டுவிடுகிறேன்.

பெயரை நம்பி இரண்டு கண்டத்து மீன்களைச் சேர்ப்பது

இன்னும் என்னை எரிச்சலூட்டுவது இதுதான். ஆப்பிரிக்க மீனையும் அமேசான் மீனையும் கடையில் சிக்லிட் என்றே சொல்லி விற்கிறார்கள். பாளையங்கோட்டையில் தெரிந்த தம்பி ஒருவர், ஆப்பிரிக்காவின் மலாவி ஏரி வகையான ஜீப்ரா மீன்களோடு அமேசான் வகையான ஆஸ்கர் இரண்டை விட்டார். "இரண்டும் முரட்டு மீன்தானே அண்ணாச்சி, சரிக்குச் சரி நிற்கும்" என்று சமாதானம் வேறு.

சண்டை வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தார். வந்தது வயிற்று வீக்கம். மலாவியின் பாறை மீன்கள் பாசியைச் சுரண்டித் தின்பவை, குடல் நீளமானது; புழு, இறால் போன்ற இரை அதற்கு ஒத்துக்கொள்ளாது. ஆஸ்கருக்குப் போட்ட புழுவையும் இறாலையும் இவை முந்திக்கொண்டு விழுங்கின. சில வாரங்களில் ஜீப்ரா ஒன்று இரையை வாயில் வாங்கித் துப்பியது. பின்னால் வெள்ளை நூல்போல எச்சம் தொங்கியது. பிறகு வயிறு உப்பி, வடிகட்டியின் பின்னால் ஒதுங்கிக்கொண்டது. அந்த நிலையில் மருந்து தேடி ஓடினால் பெரும்பாலும் மருந்துச் செலவுதான் மிஞ்சும். அடுத்தடுத்து மற்ற ஜீப்ராக்களும் போயின. ஆஸ்கர் இரண்டும் கொழுத்துத் திரிந்தன.

தண்ணீரிலும் வேறுபாடு உண்டு. மலாவி மீனுக்குக் காரத்தன்மை வேண்டும், பி.எச். 8ஐ ஒட்டி இருந்தால் நல்லது. வாளியில் வெள்ளையாக உப்புப் படிகிற போர் தண்ணீர் வீட்டில் அவை வாழும். தாமிரபரணித் தண்ணீர் குழாயில் வருகிற வீட்டுக்கு ஏஞ்சல், ஆஸ்கர் போன்ற அமேசான் வகைகள் எளிது. உங்கள் வீட்டுத் தண்ணீர் எது என்று தெரியாமல் கடைக்குப் போகாதீர்கள்.

ஜோடியாக வாங்குவது

பாறை மீன்களில் ஓர் ஆணுக்கு மூன்று பெண்ணாவது வேண்டும். ஒரே ஒரு பெண் என்றால் ஆண் துரத்தித் துரத்தியே கொன்றுவிடும்.

குட்டியின் அளவைப் பார்ப்பது

விரல் நீள ஆஸ்கர் ஓராண்டில் பத்து அங்குலத்தை எட்டலாம். ஏஞ்சல் வளர்ந்ததும் நியான் டெட்ரா என்ற குட்டி மீன் இரையாகிவிடும்.

ஃப்ளவர்ஹார்ன் என்ற முரட்டுக் கலப்பின சிக்லிட்டுக்குத் துணை

வேண்டாம்.

வாய்க்கால் ஜிலேபியைக் கொண்டுவந்து விடுவது

ஜிலேபிக் கெண்டையும் சிக்லிட்தான்; 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க மீன். நம் குளங்களில் நாட்டு மீன்களை நெருக்கித் தள்ளியது, தொட்டிக்குள் வந்து அடக்கமாக இருக்குமா?

ஒத்துவராத மீனை ஆற்றில் விடுவது

கூடவே கூடாது. கடைக்காரர் பாதி விலைக்குக்கூட எடுக்காவிட்டால் சும்மாவே கொடுத்துவிடுங்கள்.