ஆச்சின்னு பழகின வாய்க்கு இங்கிலீஷ்ல என்ன சொல்ல?

வயசான அம்மாக்கள என்ன சொல்லிக் கூப்பிடங்கிற பிரச்சினையே நம்ம ஊர்ல கெடையாது. பாளை மார்க்கெட்ல பனங்கிழங்கு விக்கிற அம்மா யாருன்னே தெரியாது, ஆனா "ஆச்சி, கட்டு எவ்வளவு?"ன்னு கேட்டா "எடுத்துக்கோ மக்கா, பாத்துப் போட்டுத் தாரேன்"னு பதில் வரும். இந்தப் பழக்கத்தோடயே நர்ஸ் வேலைக்கும் ஐடி வேலைக்கும் ஃப்ளைட் ஏறுற நம்ம பிள்ளைகளுக்காகத்தான் இத எழுதுதேன், ஏன்னா நான் மொதல்ல தடுமாறினதே இதுலதான்.

இங்கிலாந்துல யார்க்ஷயர் பக்கம் ஒரு ஆஸ்பத்திரி, நர்ஸா வார்டுல சேந்து ரெண்டாவது வாரம். எம்பது தாண்டின ஒரு அம்மாவ கட்டில்ல இருந்து எந்திரிக்க வைக்கும்போது பாசமாத்தான் "மெதுவா, கிரானி"ன்னு சொல்லிட்டேன். அவங்க என் கைய விடாமலே மூஞ்சியப் பாத்து "ஐ ஆம் நாட் யுவர் கிரானி, லவ்"ன்னாங்க. கோவமெல்லாம் இல்ல. ராத்திரி ரூமுக்கு வந்தும் அதே யோசனை, கிரானி வேண்டாம்னு சொன்ன வாயே என்னைய லவ்வுன்னு கூப்பிட்டிருக்கே, அப்போ இதுல எது முறை?

பொறவுதான் பிடிபட்டுச்சு. நாம ஒறவுமுறைய ரோட்ல போறவங்களுக்கும் குடுப்போம், அங்க அது வீட்டோட சரி. கிரானி, கிரான், கிராண்ட்மா, நேன், நானா எல்லாமே சொந்தப் பேரப்பிள்ளைக கூப்பிடுறது, வெளியாளு சொன்னா 'உனக்கு வயசாயிட்டு'ன்னு சொன்ன மாதிரிதான் காதுல விழும். இங்கிலாந்துல நேன், கிரான் ரெண்டும் நெறைய கேப்பீங்க, சில வீட்ல அம்மா வழிக்கு ஒண்ணு அப்பா வழிக்கு ஒண்ணுன்னு பிரிச்சு வச்சிருப்பாங்க. கூட வேலை பாக்குறவங்ககிட்ட "ஹவ் இஸ் யுவர் நேன்?"னு விசாரிங்க, சந்தோசப்படுவாங்க. நேர்ல பாக்கும்போது மட்டும் நேன்னு கூப்பிட்டுராதீங்க.

வெளியாளுக்குன்னு இருக்கிற பாச வார்த்தைக வேற, அது ஊருக்கு ஊர் மாறும். யார்க்ஷயர்ல லவ், டெர்பி, நாட்டிங்காம், ஸ்டோக் பக்கம் டக் (ஆமா, வாத்துதான்), நியூகாசில்ல பெட், கிளாஸ்கோல பொம்பளைகளுக்கு ஹென். இதெல்லாம் வயசானவங்களுக்குன்னு உள்ளது இல்ல, கடைக்காரங்க, பஸ் டிரைவர், பக்கத்து பெட் பேஷண்ட்னு யாரும் சொல்லுவாங்க, நம்ம மக்கா மாதிரி. கேட்டுக்கோங்க, ஆனா திருப்பிச் சொல்ல அவசரப்படாதீங்க, வெளியூர்க்காரர் ஒருத்தர் வந்த அன்னைக்கே நம்மள 'ஏலே'ன்னா எப்படி இருக்கும்?

நர்ஸ் பிள்ளைக கவனமா தவிர்க்க வேண்டியது ஸ்வீட்டி, டியரி, ஹனி. வயசானவங்ககிட்ட கொழந்தையக் கொஞ்சுற மாதிரி பேசுறதுக்கு எல்டர்ஸ்பீக்னே பேரு இருக்கு. டிமென்ஷியாங்கிற மறதி நோய் உள்ளவங்ககிட்ட அப்படிப் பேசுனா குளிப்பாட்ட, உடுப்பு மாத்த ஒத்துழைக்காம முரண்டு பண்றது கூடுதுன்னு அமெரிக்காவோட கேன்சஸ் யூனிவர்சிட்டி நர்ஸிங் ஆராய்ச்சில பாத்திருக்காங்க. எழுவது வயசு அம்மாவ யங் லேடின்னு கூப்பிடுறதும் அதே ரகந்தான். ஓல்ட் லேடி, ஓல்ட் டியர் வேண்டவே வேண்டாம்.

ஆன்ட்டிக்கு வாரேன். நமக்கு இது மரியாதை, அமெரிக்கால எல்லா எடத்துலயும் அப்படி இல்ல. அடிமைக்காலத்துலயும் அதுக்குப் பொறவும் கறுப்பின அம்மாக்களுக்கு மிசஸ்ங்கிற மரியாதையக் குடுக்க மனசில்லாம வெள்ளக்காரங்க ஆன்ட்டின்னு கூப்பிட்டாங்க, அந்த வலி இன்னும் இருக்கு. அதனாலதான் ஆன்ட் ஜெமைமாங்கிற பேன்கேக் மாவு பிராண்டு பேரையே 2021ல மாத்துனாங்க. அதே வார்த்தை ஆஸ்திரேலியால பழங்குடி மக்கள்கிட்ட மூத்தவங்களுக்குரிய பெரிய கௌரவம், அதையும் அவங்க சம்மதம் இல்லாம நாமளா சொல்லக்கூடாது. அமெரிக்கத் தென்பகுதிக்குப் போனா மேம் போதும், நல்லாப் பழகினப்பறம் பேருக்கு முன்னால மிஸ் சேத்துச் சொல்லுவாங்க, மரியாதையும் பாசமும் சேந்தே வரும்.

அப்போ என்னதான் கூப்பிட? மொதல்ல உங்க பேரச் சொல்லுங்க. 2013ல கேட் கிரேஞ்சர்னு ஒரு டாக்டர், அவங்களே கேன்சர் பேஷண்டா பெட்ல கெடந்தப்போ வாரவங்க யாரும் பேரு கூட சொல்லாம வேலை பாத்துட்டுப் போனாங்கன்னு 'ஹலோ, மை நேம் இஸ்'ங்கிற இயக்கத்த ஆரம்பிச்சாங்க. அப்பறம் மிசஸ் போட்டு குடும்பப் பேரு. அதோட "வாட் வுட் யூ லைக் மீ டு கால் யூ?"ன்னு ஒரு வாட்டி கேட்டுருங்க. முக்கால்வாசிப் பேரு வெறும் பேரச் சொல்லித்தான் கூப்பிடச் சொல்லுவாங்க. பாட்டி வயசுக்காரங்கள பேர் சொல்லிக் கூப்பிட நமக்கு நாக்கு எழும்பாது, எனக்கு ஒரு மாசம் ஆச்சு. ஆனா அவங்க கேட்டது அதுதான்னா அதக் குடுக்கறதுதான் மரியாதை.

நம்ம திருநெல்வேலிப் பக்கத்து டோனாவூர்ல இது தலைகீழா நடந்துச்சு. அயர்லாந்துல பொறந்த மிஷனரி ஏமி கார்மைக்கேல், ஆதரவில்லாத பிள்ளைகள வளத்து 1951ல அங்கனையே கண்ண மூடினாங்க. கல்லறை மேல கல்லு வேண்டாம்னு சொல்லியிருந்தாங்க, பிள்ளைக பறவைக தண்ணி குடிக்க ஒரு தொட்டிய வச்சு அதுல 'அம்மா'ன்னு ஒரே வார்த்தையப் பொறிச்சு வச்சாங்க.

என்னோட யார்க்ஷயர் அம்மாவும் ஒருநாள் மாத்திரை குடுக்கும்போது "நீ உன் கிரானிய என்னன்னு கூப்பிடுவ?"ன்னு கேட்டாங்க. ஆச்சின்னேன். தும்முற மாதிரி இருக்கேன்னு சிரிச்சாங்க, ரெண்டு வாட்டி சொல்லிப் பாத்துட்டு "அப்படியே கூப்பிடு, லவ்"ன்னாங்க. டிஸ்சார்ஜ் ஆகுற வரைக்கும் ஆச்சின்னுதான் கூப்பிட்டேன், ரவுண்ட்ஸ்ல டாக்டர் நிக்கும்போது மட்டும் மிசஸ்.